குடமுருட்டிக் கரையில் தாத்தா வீடு: பழைய ஓட்டு வீட்டில் விருந்தினரைத் தங்கவைப்பது எப்படி

திருவையாற்றுக்குக் கிழக்கே, குடமுருட்டி ஆற்றங்கரையில் இருக்கிறது என் அம்மாவின் பிறந்த வீடு. திண்ணை, ரேழி, முற்றம், நாலு பக்கமும் தாழ்வாரம், கூடம், அடுப்படி, கொல்லையில் கிணறு, கிணற்றைத் தாண்டினால் பத்தடியில் ஆற்றுக்கரை. தாத்தா காலமான பிறகு பதினோரு வருஷம் பூட்டிக் கிடந்தது. நானும் அம்மாவும் திரும்பி வந்து, இரண்டு வருஷம் வேலை பார்த்து, இப்போது மூன்று அறைகளில் வெளியூர் ஆட்களைத் தங்கவைக்கிறோம். "எங்க வீடும் சும்மாத்தான் கிடக்கு, நீங்க எப்படிப் பண்ணினீங்க?" என்று மாதத்துக்கு நாலு பேராவது கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் ஆற்றங்கரை வீடு என்றால் எல்லாமே தண்ணீர் சமாச்சாரம்தான். சுவரில் ஏறும் தண்ணீர், கூரையிலிருந்து இறங்கும் தண்ணீர், தரைக்குக் கீழே பொங்கும் தண்ணீர், அப்புறம் எதிரே ஓடுகிற அல்லது ஓடாத தண்ணீர். இந்த நாலையும் சரியாகப் புரிந்துகொண்டால் மற்ற வேலை சுலபம். கட்டில், திரைச்சீலை, பித்தளைச் செம்பு எல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். நான் அதை முதலில் வாங்கினேன், அந்தப் பணம் கழிவறைத் தொட்டிக்குப் போயிருக்க வேண்டியது.

ஆரம்பிக்கும் முன் பட்டாவையும் புலப்படத்தையும் எடுத்துக்கொண்டு போய் நிலத்தை அளந்துவிடுங்கள். ஆற்றங்கரையில் நம் கொல்லை எங்கே முடிகிறது, ஆற்றுப் புறம்போக்கு எங்கே ஆரம்பிக்கிறது என்பது வேலியை வைத்துத் தெரியாது. தலைமுறை தலைமுறையாகப் படுகையில் வாழை போட்டிருப்பார்கள், அதனால் அது நம்முடையது ஆகிவிடாது. அங்கே சிமெண்ட் மேடையோ குடிலோ கட்ட ஆசைப்படாதீர்கள். படித்துறையும் அப்படித்தான். எங்கள் கொல்லைக் கதவைத் திறந்தால் படித்துறை, ஆனால் அது ஊர்ப் பொது. அங்கே குளிப்பார்கள், துணி துவைப்பார்கள், கருமாதிச் சடங்கும் நடக்கும். வருகிற விருந்தினரிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுவேன்: குளிக்கிறவர்களைப் படம் எடுக்கக் கூடாது, சடங்கு நடந்தால் நாம் திண்ணைக்கு வந்துவிட வேண்டும், கரையில் குடிக்கக் கூடாது. சொன்னால் எல்லோரும் கேட்கிறார்கள்.

சரி, சுவர். பழைய வீடுகளில் அடிச்சுவர் ஈரம் உறிஞ்சி, பூச்சு உப்புப் பூத்துப் பொரிந்து விழும். இதற்கு ஓதம் என்று பெயர். எங்கள் வீட்டில் யாரோ ஒரு கொத்தனார், நான் கல்லூரியில் படித்த காலத்தில், ஓதத்தை நிறுத்துகிறேன் என்று கூடத்தில் நாலடி உயரத்துக்குச் சிமெண்ட் பூசிவிட்டுப் போயிருந்தார். நாங்கள் திரும்பி வந்தபோது அந்த நாலடி பார்க்க நன்றாகவே இருந்தது. அதற்கு மேலே ஆறடி வரை சுவர் மாவாக உதிர்ந்துகொண்டிருந்தது. காரணம் எளிது. சுண்ணாம்புக் காரையும் செங்கல்லும் ஈரத்தைக் குடிக்கும், வெயில் காலத்தில் அதை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் பூச்சு அந்த வாயை அடைத்துவிடுகிறது. உள்ளே வந்த ஈரம் வெளியே போக வழி தேடி மேலே ஏறுகிறது. ஓதத்தை முழுக்க நிறுத்த முடியாது, ஆற்றங்கரையில் அது சாத்தியமே இல்லை. அது உலர்ந்து போக வழி விடுவதுதான் நம் வேலை.

ஆகவே சிமெண்ட்டைக் கொத்தி எடுத்தோம். மெதுவாகச் செய்யச் சொல்லுங்கள், அவசரத்தில் செங்கல்லும் சேர்ந்து வந்துவிடும். எடுத்த பிறகு ஒரு கோடை முழுவதும் சுவரை வெறுமனே விட்டுவிட்டோம். சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் ஜன்னல் கதவெல்லாம் திறந்து கிடந்தது. அதன் பிறகுதான் சுண்ணாம்பு.

சுண்ணாம்பு வேலைக்கு ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். கோயில் திருப்பணி நடக்கும் இடங்களில் விசாரியுங்கள், அங்கே வேலை செய்கிறவர்களுக்குத்தான் இன்னும் கைப்பழக்கம் இருக்கிறது. எங்களுக்கு வந்தவர் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர். கொல்லையில் செங்கல்லால் தொட்டி கட்டி, கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினார். உலையில் அரிசி கொதிப்பதுபோல் சத்தம் போட்டுப் பொங்கியது, கிட்டே நின்ற என் முகத்தில் அனல் அடித்தது. (கண்ணில் பட்டால் ஆபத்து. குழந்தைகளையும் கோழிகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.) ஆறிய பிறகு, மேலே ஒரு சாண் தண்ணீர் நிற்கும்படி மூடி மூன்று வாரம் விட்டுவிட்டார். இன்னொரு பானையில் தட்டிய கடுக்காயும் வெல்லமும் ஊறியது. அந்தத் தண்ணீரை விட்டுத்தான் காரை குழைத்தார். முதல் பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல். மேல் பூச்சுக்கு மணலைச் சலித்து இரண்டு பங்கு. பூசிய பிறகு ஈரச்சாக்கு தொங்கவிட்டு, தினமும் தண்ணீர் தெளித்து, மெல்ல மெல்லக் காயவிட வேண்டும். வேகமாகக் காய்ந்தால் வெடிப்பு விடும். மேலே சுண்ணாம்பு வெள்ளைதான் அடிக்க வேண்டும். பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் இவ்வளவு பாடும் வீண். வெள்ளை, சட்டையில் ஒட்டுகிறது என்று ஒன்றிரண்டு பேர் குறைப்பட்டார்கள். கட்டிலுக்குப் பின்னால் மட்டும் கோரைப்பாய் மாட்டிவிட்டேன்.

மணலைப் பற்றி ஒரு வார்த்தை. எதிரே ஆறு கிடக்கிறதே என்று இரண்டு கூடை அள்ளிக்கொள்ளத் தோன்றும். அனுமதி இல்லாமல் அள்ளுவது குற்றம். அதோடு, மணல் அள்ளிய பள்ளத்தில்தான் குளிக்கப் போகிற பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். ரசீதோடு வாங்குங்கள்.

கூரைக்கு வருவோம். எங்களுடையது நாட்டு ஓடு, குயவர் சக்கரத்தில் வனைந்த அரைவட்ட ஓடு. இதை வருஷத்துக்கு ஒரு தடவை, ஆடிக்காற்று ஆரம்பிப்பதற்கு முன்பாகவே, பிரித்துத் தட்டிச் சரி செய்து மறுபடி அடுக்க வேண்டும். ஐப்பசியில் அடைமழை பிடித்த பிறகு ஆள் தேடினால் கிடைக்காது, கிடைத்தாலும் வழுக்கும் கூரையில் யாரையும் ஏற்றக் கூடாது. முதல் வருஷம் எங்களுக்கு ஆயிரத்து இருநூறு ஓடு மாற்ற வேண்டியிருந்தது. பழைய வீடு இடிக்கும் இடங்களில் சொல்லி வைத்து வாங்கினோம். எப்போதும் இருநூறு ஓடு கொல்லையில் கையிருப்பு வைத்திருங்கள். குரங்கு வந்து போனால் பத்து ஓடு போகும். மரநாய் ஓட்டை நகர்த்திவிட்டு உள்ளே குடியேறினால் வாடையே காட்டிக்கொடுத்துவிடும். அதற்கு, கூரை சுவரோடு சேரும் இடத்தில் இரும்புவலை அடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. இருட்டான இரண்டு அறைகளில் நாலு நாலு கண்ணாடி ஓடு போட்டேன். காலை ஒன்பது மணிக்கு வெயில் சதுரமாகத் தரையில் விழும், வருகிற குழந்தைகள் அதை மிதித்து விளையாடுகின்றன.

மரவேலைக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உத்தரமும் தூணும் தேக்கு, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. கைமரம் பனை, அதில் ஆறு மரத்தைக் கரையான் தின்றிருந்தது, மாற்றிவிட்டோம். தூணுக்குப் பளபளவென்று வார்னிஷ் வேண்டாம்.

அடுத்தது கழிவறை. இதில்தான் நான் அதிகம் அடிபட்டேன், ஆகவே நிதானமாகப் படியுங்கள். பழைய வீட்டில் கழிவறை கொல்லைக் கோடியில் இருக்கும். விருந்தினர் அறையோடு சேர்ந்து கேட்பார்கள். வயதானவர்கள் ராத்திரி இருட்டில் கொல்லைக்கு நடக்க முடியாது, அவர்கள் கேட்பது நியாயமும்கூட. ஆனால் பழைய சுண்ணாம்புச் சுவரில் குழாயும் ஷவரும் பதித்தால் அந்தச் சுவர் போயிற்று. நெல் மூட்டை அடுக்கும் அறையை எடுத்து, பழைய சுவரிலிருந்து அரை அடி தள்ளிப் புதிதாகச் செங்கல் சுவர் எழுப்பி அதற்குள் குளியலறை கட்டினோம். குளிக்கிற தண்ணீர் பழைய சுவரைத் தொடவே தொடாது. மற்ற இரண்டு குளியலறையும் பின் தாழ்வாரத்தை ஒட்டி, கூரைக்கு அடியிலேயே நடந்து போகிறமாதிரி கட்டினோம்.

அது சரியாக வந்தது. தொட்டிதான் தப்பிப் போனது. ஒப்பந்தம் எடுத்தவர் பங்குனியில் குழி வெட்டினார். பத்தடி ஆழத்தில்கூடக் காய்ந்த மணல், உறை இறக்கி உறிஞ்சு குழி போட்டுவிட்டுப் போய்விட்டார். ஆற்றில் தண்ணீர் வந்தால் நிலத்தடி நீர் எவ்வளவு ஏறும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆவணி மாதம் கிணற்றில் குனிந்து சொம்பால் மொள்ளும் அளவுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. உறிஞ்சு குழிக்கு உறிஞ்ச இடமில்லை. வீட்டில் ஏழு பேர் தங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கழிவறை எதிர்த்துக்கொண்டு வந்தது. அவர்களை இரண்டு காரில் தஞ்சாவூருக்கு அனுப்பி, அறை எடுத்துக் கொடுத்து, வாங்கின பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன். அந்தக் குடும்பத்துப் பாட்டி, "பரவாயில்லைம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது.

ஆகவே ஆற்றங்கரையில் தொட்டி கட்டுகிறவர்கள், கிணற்று நீர்மட்டம் உச்சத்தில் இருக்கும்போது அதை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கிணற்றுச் சுவரில் பாசிக்கோடு இருக்கும், அதுவே போதுமான கணக்கு. தொட்டி தண்ணீர் கசியாததாக இருக்க வேண்டும். தொட்டியிலிருந்து வெளியேறும் நீர் அந்தக் கோட்டுக்கு மேலே, மண் கொட்டி உயர்த்திய மேட்டில் போய்ச் சுவற வேண்டும். நாங்கள் தெருப்பக்கம், கிணற்றுக்கும் ஆற்றுக்கும் எட்டாத மூலையில், மூன்றடி மேடு போட்டு அங்கே விட்டிருக்கிறோம். குளிக்கிற தண்ணீர் தனியாகக் கல்வாழைக்கும் வாழைக்கும் போகிறது. ஆற்றுக்குள் ஒரு சொட்டும் போகக் கூடாது. எங்களுக்குக் கீழே எத்தனையோ படித்துறை இருக்கிறது.

முற்றத்து மழைநீர் போகிற தூம்பு வாயில் கம்பிவலை போடுங்கள். தவளை உள்ளே வரும், தவளையைத் தேடிப் பாம்பு வரும். ஆற்றங்கரையில் பாம்பு இல்லாத வீடு கிடையாது. பயப்படத் தேவையில்லை, ஆனால் கட்டுவிரியனைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அது ராத்திரியில் நடமாடும், தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடித்துவிடும். பல சமயம் வலியோ வீக்கமோ இருக்காது. விடிகாலையில் வயிற்றுவலி, கண் இமை கனத்துத் தொங்குவது, பேச்சுக் குழறுவது என்றால் காத்திருக்கக் கூடாது. கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். 108-க்கு அடித்து, விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். இதனால்தான் எங்கள் வீட்டில் விருந்தினரைத் தரையில் பாய் விரித்துப் படுக்க விடுவதில்லை. எல்லோருக்கும் கட்டில், மெத்தைக்கு அடியில் சொருகிய கொசுவலை, தலைமாட்டில் டார்ச். கொல்லைக்குப் போனால் செருப்பும் டார்ச்சும் கட்டாயம்.

குளிர்சாதனத்தைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். நாட்டு ஓட்டுக்கு அடியில் குளிர்ந்த காற்று நிற்காது, கரண்டு காசுதான் போகும். எங்கள் வீட்டில் ஒரே ஓர் அறை மெட்ராஸ் டெரஸ் (மரச்சட்டத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தட்டைக் கூரை), அதில் மட்டும் ஏசி வைத்திருக்கிறோம். கேட்கிறவரிடம் தொலைபேசியிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும்.

இப்போது ஆறு. "ஆற்றங்கரை வீடு" என்று சொன்னதும் கேட்கிறவர் மனதில் இரு கரையும் தொட்டு ஓடுகிற ஆறு வந்துவிடுகிறது. நம் ஆறோ வருஷத்தில் பல மாதம் மணல். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். ஆனால் அது வழக்கம்தான், வாக்குறுதி இல்லை. 2022-இல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-இல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர ஏறக்குறைய மூன்று நாள். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரித்து விடுவார்கள். எங்களுக்கு வர மேலும் ஒன்றிரண்டு நாள். கல்லணை திறந்த செய்தி வந்ததும் நான் கொல்லைக் கதவைப் பூட்டுவதில்லை.

முதல் தண்ணீர் வருவதை ஒரு தடவையாவது விருந்தினருக்குக் காட்டுங்கள். ஆர்ப்பாட்டமாக வராது. மேற்கே மணலில் ஒரு கறுப்புக் கோடு தெரியும். கிட்டே வர வர அது நுரை, சருகு, காய்ந்த நாணல், தேங்காய் மட்டை, எல்லாவற்றையும் முன்னால் தள்ளிக்கொண்டு ஊர்ந்து வருகிற ஈரம் என்று தெரியும். பள்ளத்தில் நின்று நிரம்பி, வழிந்து, அடுத்த பள்ளத்துக்குப் போகும். காய்ந்த மணல் தண்ணீரைக் குடிக்கும்போது சின்னச் சின்னக் குமிழி விட்டுச் சத்தம் போடும். தெருப் பிள்ளைகள் அதற்கு முன்னால் பின்பக்கமாகவே நடப்பார்கள். அம்மா ஒரு பிடி மஞ்சளும் செம்பருத்தியும் எடுத்துக்கொண்டு கடைசிப் படியில் நின்று காத்திருப்பாள். தண்ணீர் அவள் பாதத்தைத் தொட்டதும் பூவைப் போட்டுவிட்டு, பேசாமல் உள்ளே வந்து காபி போடுவாள்.

மாதக் கணக்கை இப்படிச் சொல்வேன். ஆடிப்பெருக்கு சமயம், ஆகஸ்ட் 2 அல்லது 3, ஆறு நிறைந்திருந்தால் அதைவிட நல்ல நாள் இல்லை. காப்பரிசி, காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு எல்லாவற்றோடும் ஊரே படித்துறைக்கு வரும். அன்று வெளி ஆட்களுக்கு இரண்டு அறைதான் கொடுப்பேன், மூன்றாவது சொந்தக்காரர்களுக்கு. ஆகஸ்ட், செப்டம்பரில் தண்ணீரும் இருக்கும், வெயிலும் தாங்கும். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை வடகிழக்குப் பருவமழை. புயல் எச்சரிக்கை வந்தால் பதிவை ரத்துசெய்து முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிடுவேன். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் தென்னையை எப்படிச் சாய்த்தது என்று பார்த்தவர்கள் இதில் சமாதானம் பேச மாட்டார்கள். ஜனவரியில் பொங்கல், அறுவடை, திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை. ஆராதனை நடக்கும் புஷ்ய பகுள பஞ்சமியன்று பஞ்சரத்தினக் கீர்த்தனை கேட்க வருகிறவர்கள் ஆறு மாதம் முன்பே அறை கேட்கிறார்கள். பிப்ரவரியிலிருந்து ஆறு வற்ற ஆரம்பிக்கும். ஏப்ரல், மே வெறும் மணல்தான். ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அந்த மணலில் உட்கார்ந்து நுங்கு சாப்பிடுவதை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன்.

தண்ணீர் ஓடும்போது யாரையும் தனியாக இறங்க விடாதீர்கள். மேலே பார்த்தால் அமைதியாக இருக்கும், அடியில் பள்ளமும் சுழலும் இருக்கும், மேலே ரெகுலேட்டரில், அதாவது மதகில், ஷட்டரைத் தூக்கினால் அரை மணியில் மட்டம் ஏறிவிடும். எங்கள் விதி: நாலாவது படியைத் தாண்டிக் கீழே இறங்கக் கூடாது, உள்ளூர்க்காரர் ஒருவர் கூட இருக்க வேண்டும், குழந்தைகளுக்குச் சொம்புக் குளியல்தான். லாரி டியூப் ஒன்றும் நாற்பதடிக் கயிறும் கொல்லைக் கதவருகே ஆணியில் தொங்குகின்றன. அதில் யாரும் துணி காயப்போடக் கூடாது.

சாப்பாட்டில் பட்டியல் போட்டு மலைக்க வைக்க வேண்டாம். காலையில் இட்லியும் கடப்பாவும் (பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பு), மதியம் வாழையிலையில் கத்தரிக்காய் ரசவாங்கி, வாழைப்பூ உசிலி, ரசம், மோர். சோறு தூயமல்லி அல்லது கிச்சிலிச் சம்பா. வேறு என்ன வேண்டுமானாலும் முந்தின நாள் சொல்ல வேண்டும். இங்கே கோயில்கள் நடுப்பகலில் மூடி சாயங்காலம் நாலு மணிக்குத்தான் திறக்கும். ஆகவே காலையில் ஐயாறப்பர் கோயிலோ சுவாமிமலையோ தாராசுரமோ போய்விட்டு, சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து, ஒரு தூக்கம் போட்டு, மறுபடி போகச் சொல்வேன். சுவாமிமலையில் சிலை வார்க்கிறவர்கள் மெழுகுக் கருவின் மேல் பூசுவது காவிரி வண்டல். அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எங்கள் கரை மண்ணைக் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள். திரும்பும் வழியில் திருவையாற்றில் அசோகா அல்வா வாங்காமல் வரக் கூடாது.

பதிவு வேலைகளைத் தள்ளிப்போடாதீர்கள். சுற்றுலாத் துறையில் வீட்டுத் தங்கலாக (ஹோம்ஸ்டே) பதியலாம். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டத்தில் 6 அறை, 12 படுக்கை வரை, வீட்டுக்காரர் குடும்பம் அதே வீட்டில் வசிக்க வேண்டும். சமைத்துப் போடுவதற்கு உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறையின் இணையத்தில் விவரம் ஏற்ற வேண்டும், இதில் சாக்கு சொல்ல முடியாது. ஊராட்சித் தலைவருக்கும் பக்கத்து இரண்டு வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்லுங்கள்.

கடைசியாக, படங்கள். ஆடி மாதத்துப் படத்தை மட்டும் காட்டி அறை கொடுக்காதீர்கள். முதல் வருஷம் நான் அப்படித்தான் செய்தேன், ஏப்ரலில் பெங்களூரிலிருந்து வந்த இளம் ஜோடி கொல்லைக் கதவைத் திறந்துவிட்டு, "ஆறு எங்கே ஆன்ட்டி?" என்று கேட்டார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை ஆறரை மணிக்கு, அதே மூன்றாவது படியில் நின்று ஒரு படம் எடுக்கிறேன். அறை கேட்கிறவருக்கு அந்த வாரத்துப் படமும், அவர் வர நினைக்கும் மாதத்தில் போன வருஷம் எடுத்த படமும் போகும். போன மே மாதம் ஒருவருக்கு வெறும் மணலை அனுப்பினேன். ஒரு மணி நேரம் பதில் இல்லை. அப்புறம் எழுதினார்: "பையன்கள் பேட், பந்து எடுத்துட்டு வரலாமான்னு கேக்குறாங்க." வரச் சொன்னேன். ஸ்டம்புக்கு விறகுக் கொட்டிலில் மூன்று மூங்கில் இருந்தது.